பாஸ்காவில் சாத்தான் வேஷம் கட்டிய தஸ்தகீர்

செஞ்சிக் கடைத்தெருவில் ஈயம் பூசிப் பிழைத்த தஸ்தகீருக்கு வருடத்தில் ஒரு நாள் மட்டும் கொம்பு முளைக்கும். மற்ற நாட்களில் அவரால் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. துருத்தியின் பக்கத்தில் குந்திக்கொண்டு, நவச்சாரப் புகையில் கண் சிவக்க, பித்தளை அண்டாக்களின் வயிற்றுக்குள் பழந்துணியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் கருமாதியானாலும் பாத்திரங்கள் அவருடைய நெருப்பைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகும். சித்திரை மாதத்தில் ராஜகிரிக் கோட்டை மலைப் பாறை கக்குகிற சூடு முதுகில், உலைச் சூடு முகத்தில். "செத்தப்புறம் நரகத்துல போட்டாலும் எனக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது" என்பார்.

அந்த ஒரு நாள், பாஸ்கா நாடகத்து நாள். செஞ்சிக்கு மேற்கே கிறித்தவர்கள் நிறைந்த ஓர் ஊர் உண்டு. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊரில் மட்டும் நடந்த கதையாக இது ஆகிவிடும். உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி, சேசுநாதர் சிலுவையில் மாண்டு உயிர்த்தெழுவது வரை அங்கே நாடகம் போடுவார்கள். சேசுநாதராக நிற்க ஆள் போட்டி போடும். மாதாவாக நிற்க மீசை முளைக்காத பையன்களின் தாய்மார்கள் சிபாரிசுக்கு வருவார்கள். பசாசு வேஷத்துக்கு மட்டும் ஒருவனும் வரமாட்டான். முன்பு ஒருவன் கட்டினானாம். அந்த வருடமே அவன் உழவு மாடு செத்ததாம். வேஷம் கட்டுகிறவன் வீட்டுக்குள் பசாசு குடிவந்துவிடும் என்று ஊரே நம்பியது.

மேல்தெரு நாட்டாண்மை சின்னப்பன்தான் வழி கண்டுபிடித்தார். "ஈயம் பூசற கலாய்க்கார சாயபுக்கு நல்ல தொண்டை. அவரைக் கூப்டுங்க. சாயபுக்கு இன்னா ஆவப்போவுது? அவுரு எப்படியும் மோட்சத்துக்குப் போறவரு இல்லியே!"

தஸ்தகீருக்குத் தொண்டை உண்டு என்பது உண்மை. திரௌபதி அம்மன் கூத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துப் பழகிய தொண்டை. மனைவி ராபியா பீ இறந்த பிறகு, துருத்தியையும் மகள் ஜைத்தூனையும் தவிர அவருக்குப் பேச்சுத் துணை கிடையாது. மேடையில் ஏறி உரக்கக் கத்த ஒரு நாள் கிடைத்தால் ஏன் விடுவார்? கட்டினார். ஊர் அவரைச் 'சைத்தான் பாய்' என்றது. அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு வேஷத்துக்கும் மேல்தெருவில் ஆள் கிடைக்கவில்லை. அது ஆதாம். இடுப்பில் இலை மட்டும்தான் உடுப்பு. உடம்பெல்லாம் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் கிடந்து எழவேண்டும். மேல்தெருப் பிள்ளை ஊர் பார்க்க அப்படி நிற்பானா? சேரியிலிருந்து இன்னாசியைப் பிடித்துப் போட்டார்கள். இன்னாசி மலையடியில் கூலிக்குக் கல் உடைக்கிறவர். மனித குலத்தின் முதல் தகப்பனைச் சேரியிலிருந்து எடுத்திருக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அரை அம்மணமாக நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது, கிடைத்தது, அவ்வளவுதான். நாடகம் முடிந்து மண்ணைக் கழுவியதும் அதே இன்னாசி கோயிலுக்குள் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் நுழையவேண்டும். உள்ளே ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மேல்தெரு, இந்தப் பக்கம் சேரி. நன்மை அப்பம் கொடுக்கும்போது சாமியார் முதலில் அந்தப் பக்கம் போவார்.

சாத்தானும் ஆதாமும் திரைக்குப் பின்னால் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வேஷம் போட்டுவிட்டார்கள். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தார்கள்.

"இன்னா பாய், கொம்பு கோணிக்கிட்டு இருக்குது. சைத்தானா, வெள்ளாடா?"

"என் கொம்பு கெடக்கட்டும். மொதல்ல உன் எலைய இறுக்கிக் கட்டு. நடுவுல அவுந்துச்சுன்னா ஏவாள் பயந்து ஊட்டுக்கு ஓடிரும்."

அறுபத்தாறாம் வருடம். ரேஷன் கடை வாசலில் ஊரே கால்கடுக்க நின்ற காலம். கோயில் பூசை அப்போதுதான் லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்திருந்தது. அந்த வருடப் பாஸ்காவில்தான் தஸ்தகீர் அந்தப் பிழையைச் செய்தார்.

விளக்கு வைத்த நேரம். நாடகம் தொடங்கிவிட்டது. சாத்தான் மேடையில் நின்று, "நட்சத்திரங்களுக்கு மேலே என் சிம்மாசனத்தைப் போடுவேன், சர்வேசுரனுக்குச் சமமாவேன்" என்று முழங்கவேண்டும். முழங்கினார். உடனே தேவதூதனான மிக்கேல் சம்மனசு வாளோடு பாய்ந்து வந்து அவரைக் கீழே தள்ளவேண்டும். மிக்கேல் வரவில்லை. மிக்கேலாக வேஷம் கட்டியவன் சின்னப்பன் மகன். அட்டைச் சிறகு ஒரு பக்கம் பிய்ந்துபோய், திரைக்குப் பின்னால் அதை ஊசி நூல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். தஸ்தகீர் மேடையில் தனியாக நின்றார். கூட்டம் முணுமுணுத்தது. அடுத்த காட்சிக்காக மேடை ஓரத்தில் மண் பூசிக்கொண்டு படுத்திருந்த இன்னாசி, "எதனாச்சும் பேசு பாய்" என்று வாயசைத்தார்.

என்ன பேசுவது? எழுதிக் கொடுத்த வசனம் தீர்ந்துபோயிற்று. சிறுவயதில் மதரசாவில் கேட்ட சைத்தான் நினைவுக்கு வந்தான். சைத்தானில் இரண்டு வகை உண்டு என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கிடந்த இன்னாசியைக் காலால் சுட்டிக்காட்டி, கூத்துக் குரலில் எடுத்துவிட்டார்:

"இந்த ஆதத்தைப் படைத்துவிட்டு, இவனுக்குத் தலைவணங்கு என்று ஆண்டவன் எனக்குச் சொல்கிறான்! நான் யார்? நெருப்பிலே பிறந்தவன்! இவன் யார்? மண்ணிலே பிறந்தவன்! என் பிறப்பு என்ன, இவன் பிறப்பு என்ன? நான் இவனுக்குக் குனிவதா? இவனுக்குச் சரிசமமாக நான் நிற்பதா?"

 நாடகத் திடலிலும் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கிழவி உரக்கச் சொன்னாள்: "அடப் பாவி! இது நம்ம மேல்தெருப் பேச்சால்ல இருக்குது!"

சேரி மொத்தமும் சிரித்தது. சிரிப்பு கைதட்டலாயிற்று. மிக்கேல் சம்மனசு ஒற்றைச் சிறகோடு ஓடிவந்து, நாடகத்துக்குத் தேவையானதைவிடப் பலமாகவே சாத்தானை எட்டி உதைத்தான்.

இரண்டு மதத்துப் பிசாசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் விளங்கும். கிறித்தவனின் சாத்தான் வானத்துச் சம்மனசு. ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்து, சேனையோடு விழுந்தவன். மேலே இருப்பவனுக்கு அடங்காததுதான் அவன் குற்றம். பிறந்த குழந்தைகூட அவன் பிடியில்தான் இருக்கிறதாம். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி, பசாசை விட்டுவிடுகிறேன் என்று அதன் பேரில் இன்னொருவர் சத்தியம் செய்தால்தான் மீளுமாம். முசல்மானின் சைத்தான் அப்படியல்ல. அவன் சம்மனசே இல்லை, நெருப்பில் படைத்த ஜின். கடவுளோடு சண்டை போட்டுச் சிம்மாசனம் கேட்டவன் அல்ல. துரத்தப்பட்ட பிறகும் 'என் இறைவனே' என்றுதான் கூப்பிடுகிறான், தீர்ப்பு நாள் வரை தவணை கேட்டு வாங்குகிறான். குழந்தை பாவமில்லாமல்தான் பிறக்கிறது. அவனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, காதில் ஓத மட்டுமே முடியும். கடைசி நாளில் அவனே, "நான் கூப்பிட மட்டும்தான் செய்தேன், வந்தது நீங்கள்" என்று கையை உதறிவிடுவானாம். அவன் குற்றம் ஒன்றுதான்: என் பிறப்பு உசத்தி, அவன் பிறப்பு மட்டம் என்று சொன்னது. அதாவது, உலகத்தின் முதல் சாதிக்காரன் அவன்.

இரண்டு பேருமே இல்லாதவர்கள். ஆனால் இல்லாதவனை உண்டாக்குகிறபோது மனிதன் தனக்கு எது கெட்டது என்று படுகிறதோ அதைத்தான் அவன் தலையில் வைக்கிறான். அடங்காமை பாவம் என்பது மேலே இருப்பவனுக்கு எவ்வளவு வசதியான வேதம்! பிறப்புச் செருக்கு பாவம் என்ற வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்களாவது அதன்படி நடக்கிறார்களா என்று தஸ்தகீர் சீக்கிரமே தெரிந்துகொள்ளவிருந்தார்.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு ஞாயிறு காலையில் சேரிக்காரர்கள் கோயிலுக்கு முன்வாசல் வழியாக வந்தார்கள். இன்னாசிதான் முதலில் நுழைந்தார். கயிற்றைக் குனிந்து தாண்டி, மேல்தெருப் பக்கம் போய் முழந்தாளிட்டார். மேல்தெருக்காரர்கள் பூசை முடியும்வரை பொறுத்தார்கள். முடிந்ததும் வாசலிலேயே வைத்து அடித்தார்கள். இன்னாசியின் வலது கை முறிந்தது. அன்றிலிருந்து சேரியிலிருந்து ஒருவரும் மேல்தெரு வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றி நின்றது.

பங்குச் சாமியார் தஸ்தகீருக்கு ஆள் அனுப்பினார். போனபோது சின்னப்பன் சாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

"எழுதிக் கொடுத்ததை விட்டுட்டு ஏன் பேசினீங்க பாய்?" என்றார் சாமியார். கோபக்காரர் அல்ல. சோர்ந்துபோயிருந்தார். "பசாசு மனுசனுக்குக் குனியலைன்னு எங்க வேதத்துல எங்கயும் கெடையாது. அவன் செஞ்சது தேவதுரோகம்."

"எனக்குத் தெரிஞ்ச சைத்தானைச் சொல்லிட்டேன் சாமி. அவன் ஆண்டவனுக்குக் குனிவான். மனுசனுக்குத்தான் குனிய மாட்டேன்னுட்டான்."

"இப்ப இன்னா ஆச்சு பாத்தியா?" சின்னப்பன் நாற்காலியின் கையில் அடித்தார். "மேல இருக்கிறவனுக்கு அடங்காததுதான் பசாசு! சேரிக்குள்ள பூந்து காதுல ஓதிட்டுப் போய்ட்ட. வேஷம் கட்னா ஊட்டுக்குள்ள வரும்னாங்க. ஊருக்குள்ளயே வந்துச்சு."

"நாட்டாண்ம, நான் நெருப்பு பேச்சு பேசுனேன். அதக் கேட்டு மண்ணு சிரிச்சிச்சு. உங்களுக்கு எங்க சுட்டிச்சு?"

சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டில் சிரிப்பு வந்ததோ என்னவோ, தஸ்தகீருக்குத் தெரியவில்லை. ஆனால் சாமியார் சின்னப்பனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இன்னாசியின் கையைப் பற்றியும் கேட்கவில்லை.

அதோடு போயிருந்தால் தஸ்தகீர் இன்னும் கொஞ்ச நாள் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்திருப்பார். ஆனால் ஜைத்தூனுக்கு நிக்காஹ் பேசியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். ஈயக்காரர் வீட்டுக்கு அப்படி ஓர் இடம் வருவது சாதாரணமல்ல. ஏற்கனவே தெருப் பிள்ளைகள் 'சைத்தான் மவ ஜைத்தூன்' என்று எதுகை கட்டிக் கூவும். இந்த இடம் கைநழுவினால் அந்தப் பெயரோடு அவள் அடுப்படியிலேயே கிழவியாவாள் என்று அவர் பயந்தார்.

நிக்காஹ் நடக்க ஜமாத்தின் ஒப்புதல் வேண்டும். ஜமாத் என்றால், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி குலாம் ரசூல் சாயபு. தம் முன்னோர் நவாபு காலத்துப் படைத்தலைவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர். வீட்டில் உருதுதான் பேசுவார். தமிழ் பேசும் ஈயக்காரர் பக்கத்தில் தொழுகைக்கு நிற்பார். தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்கவேண்டும், அதில் அவருக்கு வேறு வழியில்லை. தொழுகை முடிந்தால் விருந்தில் ஒரே தட்டில் கைவைக்கமாட்டார். பாஸ்கா வேஷம் அவருக்குப் புதிய செய்தியுமல்ல. ஒரு வருடம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்துச் சிரித்துவிட்டும் போயிருக்கிறார். ஆனால் அவருடைய கிணற்று நிலம் சின்னப்பன் ஊரில் இருந்தது. அறுவடைக்கு ஆள் அதே சேரியிலிருந்துதான் வரவேண்டும், இப்போது ஒருவரும் வரவில்லை.

"சைத்தான் வேஷம் போட்டவன் வீட்டுல நிக்காஹ் ஓதறது எப்படி?" என்று அவர் கேட்டதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து தஸ்தகீருக்குச் சேதி வந்தது: ஊரில் முடித்துக்கொண்டு தேதி சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்.

ஜைத்தூன் கேட்டாள்: "அத்தா, நீ பேசுனது தப்பா?"

"வேதத்துல இருக்கிறதுதாம்மா."

"அப்ப எதுக்குப் பயப்படற?"

"வேதத்துக்கு நான் பயப்படலம்மா. ஓதறவனுக்குச் சம்பளம் குடுக்கிறவனுக்குத்தான்."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவரை எல்லோர் முன்பாகவும் நிறுத்தினார்கள். முத்தவல்லி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தொழுகை நடத்தும் ஹஜ்ரத். மெலிந்த மனிதர், சம்பளத்துக்கும் வீட்டு அரிசிக்கும் முத்தவல்லியின் கையைப் பார்க்கிறவர்.

"தவ்பா பண்ணு. செஞ்ச பாவத்துக்கு ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றார் முத்தவல்லி.

தஸ்தகீர் கலிமா சொன்னார். இனி வேஷம் கட்டமாட்டேன் என்றார். அதைச் சொல்ல அவருக்குத் தடையில்லை. கட்டச் சொல்லி இனி யார் கூப்பிடப்போகிறார்கள்?

"அந்தப் பேச்சு பேசினது தப்புன்னு சொல்லு."

தஸ்தகீர் ஹஜ்ரத்தின் பக்கம் திரும்பினார். "அஜ்ரத்து, நீங்க சொல்லுங்க. சைத்தான் ஆதத்துக்கு ஏன் குனியல? மதரசாவுல நீங்க பசங்களுக்கு இன்னா சொல்லித் தரீங்க?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். மிக மெல்லிய குரலில், "நான் அவனைவிட உசந்தவன்னு சொன்னான். என்னை நீ நெருப்பால படைச்சே, அவனை மண்ணால படைச்சேன்னு..."

"போதும்!" என்றார் முத்தவல்லி. ஹஜ்ரத் பாதியில் நிறுத்தினார். இறைவனின் வார்த்தை என்று அவர் நம்புகிற ஒன்றை, கிணற்று நிலம் வைத்திருக்கும் ஒரு மனிதன் போதும் என்றான். முத்தவல்லி தஸ்தகீரைப் பார்த்து மேலே பேசினார்: "கலாய்க்காரனுக்குத் தர்க்கம் வேறயா? ஊரைக் கெடுத்துட்டு எங்கிட்டயே கேள்வி கேக்கறான். ஜமாத்துக்கு வந்த அவமானத்துக்கு என் காலத் தொட்டு மன்னிப்புக் கேளு. தேதி குடுக்கறேன்."

மனிதன் மனிதனுக்கு முன் தலை தாழ்த்தலாகாது என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் தாய்ப்பாலோடு கற்றவர்கள். ஒருவர் இருமினார். ஒருவர் தொப்பியைச் சரிசெய்தார். 

தஸ்தகீர் மகளை நினைத்தார். குனிந்தார். முத்தவல்லியின் பாதம் குளிர்ந்திருந்தது. உலையில் வெந்த விரல்களுக்கு அது அருவருப்பாக இருந்தது.

நிக்காஹ் நடந்தது. வாசலில் பந்தல் போட்டு, நால்வருக்கு ஒரு பெரிய தட்டாகக் குஸ்காவும் தால்சாவும் வைத்தார்கள். அரிசிக் கஷ்ட காலம். ஆனாலும் தஸ்தகீர் குறை வைக்கவில்லை. இன்னாசிக்கும் சொல்லியிருந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையில் ஒரு புதுச் சொம்போடு இன்னாசி வந்தார். "ஈயம் நீயே பூசிக்கோ பாய்" என்று சிரித்தார். அவரை மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஒரு தட்டின் முன் தஸ்தகீரே கையைப் பிடித்து உட்கார வைத்தார். இந்தப் பந்தலிலாவது கயிறு கிடையாது என்று அவர் நினைத்தார்.

மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார் வந்து தோளைத் தொட்டார். அவருக்குப் பின்னால் முத்தவல்லி தமக்கென்று வைத்த தனித் தட்டின் முன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி, அந்தக் கட்டுப் போட்ட ஆளு, சின்னப்பன் ஊரு சேரியாளுதானே?"

"நமக்கு வேண்டியவருங்க. சிநேகிதரு."

"இருக்கட்டும். ஆனா முத்தவல்லி சாப் கை வெக்க மாட்டேங்கிறாரு. எங்க ஆளுங்களும் முணுமுணுக்கறாங்க. பொண்ணை அழைச்சிட்டுப் போற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

மூன்று பேரில் ஒருவன் ஏற்கனவே தட்டைவிட்டு எழுந்துவிட்டிருந்தான். வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் ஜைத்தூனைப் பெண்கள் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ராபியா பீ இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்துத் தஸ்தகீர் கேட்டதில்லை.

அவர் இன்னாசியின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"இன்னாசி... இங்க இடுக்கமா இருக்குது. கைய வேற ஆட்ட முடியாது உனக்கு. கொல்லப் பக்கம் வந்துக்கிறியா? தனியா எலை போட்டுத் தரேன். அங்க நல்லா காத்து வரும்."

இன்னாசி தட்டைப் பார்த்தார். எழுந்து நின்றவனைப் பார்த்தார். கடைசியாகத் தஸ்தகீரின் முகத்தைப் பார்த்தார். 

"இன்னா பாய், வேஷத்தை இன்னும் கலைக்கலியா?"

குரலில் கோபமே இல்லை. ஒற்றைக் கையை ஊன்றி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலைவிட்டு இறங்கிக் கடைத்தெருப் பக்கம் நடந்தார். தஸ்தகீர் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனார்.  கூப்பிட்டு, திரும்பி வந்தால் எங்கே உட்கார வைப்பது?

பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது: "சம்பந்தி, இந்தப் பக்கம் தால்சா வரவே இல்ல!"

தஸ்தகீர் திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டார். முத்தவல்லி சாப்பிடத் தொடங்கியிருந்தார். அவருக்குத்தான் முதலில் ஊற்றினார்.